ஊற்றிப் பார்த்தால் தெரியும்: நவீனத்துவ ஜக்குகளும் அவற்றைச் சேர்ப்பவர்களும்

1958இல் சார்லஸ் ஈம்ஸும் அவருடைய மனைவி ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அமெரிக்காவில் நாற்காலிகளால் புகழ்பெற்ற தம்பதி அவர்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தியாவுக்கு எத்தகைய வடிவமைப்புக் கல்வி வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு அதுவே வித்து. இந்தியாவில் கண்ட பொருள்களிலேயே மிகச் சிறந்தது, மிக அழகானது என்று அவர்கள் வியந்தது நம் வீட்டுச் சொம்பை. ஒருவர் உட்கார்ந்து சொம்பை வடிவமைப்பதானால் எதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று நீளமான பட்டியலே போட்டிருந்தார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், யார் தூக்குவார்கள், இடுப்பிலா தலையிலா கையிலா, காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது, ஊற்றும்போது நீர் எப்படி ஓடுகிறது, உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடியுமா, சூடு கைக்கு எவ்வளவு ஏறும், கல்லில் பட்டால் என்ன சத்தம், என்ன விலை, எத்தனை நாள் உழைக்கும், கடைசியில் பழைய பாத்திரமாகப் போட்டால் என்ன கிடைக்கும் என்று அந்தப் பட்டியல் போகிறது.

இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் அமெரிக்க நவீனத்துவத்தின் நடுநாயகங்கள். சொம்பிடம் கேட்டதை அவர்களுடைய சொந்த ஊர், சொந்தக் காலத்து ஜக்குகளிடம் கேட்டால் என்ன பதில் வரும்?

1930களிலிருந்து 1970கள் வரை அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் உருவான ஜக்குகளை இன்று பல நாடுகளில் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். சேர்த்தவை பெரும்பாலும் அலமாரியில் காலியாக நிற்கின்றன. அது எனக்குச் சரியாகப் படவில்லை. அலங்காரம் வேண்டாம், பயன்பாடே வடிவத்தைத் தீர்மானிக்கட்டும், ஆலை நல்ல பொருளைச் சாமானியருக்கும் கொடுக்கட்டும் என்று முழங்கிய இயக்கம் நவீனத்துவம். அந்த முழக்கம் மெய்யா என்று பார்க்க ஜக்கைவிட வசதியான சாட்சி கிடையாது. நாற்காலியின் குறை முதுகுக்கு உறைக்க மாதக் கணக்கில் ஆகும். ஜக்கின் குறை முதல் தம்ளரை நிரப்பும்போதே மேசைத்துணியில் தெரிந்துவிடும்.

ஜக்குக்கு உள்ள சிக்கல்கள் இரண்டு. ஒன்று கைப்பிடி. நிறைந்த ஜக்கின் எடை நடுவில் நிற்க, கை ஓரத்தில் பிடிக்கிறது. இடைவெளி கூடக்கூட மணிக்கட்டு வலிக்கும். இதை முறையாக எழுதிவைத்தவர் கிளாஸ்கோவில் பிறந்த கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர். 1873இல் வெளிவந்த தன் நூலில், கைப்பிடிக்கும் மூக்குக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் உள்ள உறவைப் படம் போட்டு விளக்கினார். தாவரவியல் படித்த மனிதர் என்பதாலோ என்னவோ, பாத்திரங்களைச் செடியின் உறுப்புகளைப் போலப் பிரித்துப் பார்த்தார். அவர் வடிவமைத்து ஹூக்கின் அண்ட் ஹீத் நிறுவனம் செய்த ஒயின் குடுவைகளில் கைப்பிடி நேரான கம்பியாக நிற்கும். விக்டோரியா மகாராணி காலத்துப் பொருள் என்று சொன்னால் நம்பக் கடினம்.

இன்னொன்று விளிம்பு. மெதுவாக ஊற்றினால் தண்ணீர் விளிம்பைச் சுற்றிக்கொண்டு ஜக்கின் கழுத்து வழியாக இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1956இல் மார்க்கஸ் ரெய்னர் என்ற அறிவியலாளர் இதற்குத் 'தேநீர்க் குடுவை விளைவு' என்று பெயர் வைத்தார். தண்ணீர் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம் என்பது பொதுவான நினைப்பு. மறு ஆண்டே ஜோசப் கெல்லர் என்ற கணிதவியலாளர் வேறு காரணம் சொன்னார். விளிம்பில் வளையும்போது நீருக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று அதைப் பாத்திரத்தோடு சேர்த்துத் தள்ளுகிறது என்பது அவர் விளக்கம். பாத்திரப் பரப்பில் நீர் எவ்வளவு படிகிறது என்பதற்கும் பங்குண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் சேர்த்தன. சொட்டாத மூக்கைக் கணக்கிட்டதற்காகக் கெல்லருக்கும் ழான்-மார்க் வாண்டன்-புரூக்குக்கும் 1999இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைக்கும் பரிசுதான், ஆனால் கணக்கு மெய்யானது. நடைமுறையில் இதன் பொருள், மெல்லிய கூர் விளிம்பு நன்றாக ஊற்றும், தடித்த உருண்டை விளிம்பு சொட்டும் என்பதே. உலோகத்தில் கூர் விளிம்பு எளிது. பீங்கானில் அது பெரும்பாடு. கூராக விட்டால் உடையும், மெருகுப் பூச்சும் கூர்மையான இடத்தில் நிற்காமல் விலகிவிடும்.

முதலில் ஓர் உலோக ஜக். பீட்டர் முல்லர்-முங்க் பெர்லினில் வெள்ளி வேலை கற்று 1926இல் அமெரிக்கா வந்தவர். கொஞ்ச காலம் டிஃபனியில் வேலை பார்த்தார். பொருளாதார மந்தத்தில் கைவேலை வெள்ளிக்கு ஆளில்லாமல் போக, ஆலைப் பொருள்களுக்கு மாறினார். ரெவெர் செம்பு, பித்தளை நிறுவனத்துக்காக 1935இல் அவர் வடிவமைத்த ஜக்குக்கு 'நார்மண்டி' என்று பெயர். அதே ஆண்டு மே மாதம் பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் வந்த சொகுசுக் கப்பலின் பெயர் அது. ஜக்கும் கப்பலின் சாயலில்தான் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கண்ணீர்த்துளி, பக்கத்திலிருந்து பார்த்தால் அலையைக் கிழிக்கும் முகப்பு. குரோமியம் பூசிய பித்தளைத் தகடு, சுமார் 30 சென்டிமீட்டர் உயரம், அலங்காரம் என்று ஒரு கோடுகூட இல்லை.

அழகில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் பொருளுக்கு வேண்டிய வடிவம், மேசையில் அசையாமல் நிற்கும் பாத்திரத்துக்கு எதற்கு? அலங்காரத்தை நீக்கினோம் என்று சொல்லிக்கொண்டே முழு ஜக்கையும் அலங்காரமாக்கிய வேலை இது. ஈம்ஸ் தம்பதியின் சூடு பற்றிய கேள்வியிலும் இது தேறாது. ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே முத்து முத்தாக வியர்க்கும், தொட்ட இடமெல்லாம் விரல் ரேகை விழும். விளிம்பு மட்டும் தகட்டின் மெல்லிய ஓரம் என்பதால் குறை சொல்ல இடமில்லை. அந்தக் கப்பல் 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்திலேயே தீப்பிடித்துக் கவிழ்ந்தது. ஜக்குகள் அருங்காட்சியகங்களுக்குப் போயின.

1930களின் அமெரிக்க ஜக்குகளுக்கு வடிவம் கொடுத்ததில் கப்பலைவிடக் குளிர்பெட்டிக்குப் பங்கு அதிகம். வீட்டுக்குள் வந்த அந்தப் புதுப் பெட்டியின் தட்டில் உருண்டைப் பாத்திரம் இடத்தை அடைத்துக்கொண்டது. ஹால் சைனா நிறுவனம் வெஸ்டிங்ஹவுஸ் குளிர்பெட்டிகளுக்கென்றே தண்ணீர் ஜக்குகள் செய்து கொடுத்தது. இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்தது ஃபியெஸ்டா வரிசையின் தட்டு ஜக். மேற்கு வர்ஜீனியாவின் நியூவெல் ஊரில் இயங்கிய ஹோமர் லாஃப்லின் நிறுவனத்துக்காக, இங்கிலாந்தின் மட்பாண்ட வட்டாரத்தில் பிறந்த ஃபிரடெரிக் ஹர்ட்டன் ரீட் 1936இல் கொண்டுவந்த வரிசை ஃபியெஸ்டா. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், தந்த வெள்ளை என்று தொடக்கத்தில் ஐந்து நிறங்கள். எதையும் எதோடும் சேர்த்து மேசையில் வைக்கலாம். தட்டு ஜக் சற்றுப் பின்னால் சேர்ந்தது. தடித்த வட்டத் தட்டை நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கம் வாயும் மறுபக்கம் பிடியும் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். குளிர்பெட்டியில் ஒடுங்கி நிற்கும், எடை பிடிக்கு அருகிலேயே விழும். டிரெஸ்ஸர் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார். ஆனால் 2 லிட்டர் தண்ணீரும் மண்ணின் எடையும் சேர்ந்தால் ஒற்றைக் கைக்குக் கனம்தான். வாயும் குறுகல், உள்ளே கை நுழையாது.

அந்தச் சிவப்புக்கு ஒரு கதை உண்டு. அது யுரேனியம் ஆக்சைடு கொடுத்த நிறம். அணுகுண்டுத் திட்டத்துக்காக அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டதும், 1943 வாக்கில் சிவப்பு நின்றுபோனது. 1959இல் திரும்ப வந்தபோது செறிவு நீக்கிய யுரேனியத்தோடு வந்தது. பழைய சிவப்பு ஜக்கின் அருகே கதிர்வீச்சு அளவி வைத்தால் இன்றும் அது டிக்டிக்கென்று அடிக்கும். அலமாரியில் இருக்கும்வரை பெரிய கவலை இல்லை. ஆனால் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பான பானம் மெருகிலிருந்து உலோகத்தைக் கரைத்தெடுக்கும் என்பதால் அதில் குடிக்கவோ உண்ணவோ வேண்டாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் அறிவுரை.

குளிர்பெட்டி இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? ஹெல்சிங்கியில் வடிவமைப்பாளர் கை ஃபிராங்க் ஒரு வழி கண்டார். குளிர் தாங்க ஃபின்லாந்து வீடுகளில் இரட்டைச் சன்னல் வைப்பார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே உள்ள ஒடுக்கமான இடத்தில் வைப்பதற்கென்றே, போரை ஒட்டி வந்த பற்றாக்குறைக் காலத்து ஃபின்லாந்துக்காரர்களுக்கு அவர் ஒரு பால் ஜக் வடிவமைத்தார். அரபியா ஆலை 1953இல் வெளியிட்ட கில்டா வரிசையின் சிந்தனையும் இதுதான்: குறைந்த வடிவங்கள், பூவேலை இல்லாத நிறங்கள், ஒரே பாத்திரம் பல வேலை. நார்மண்டியின் வேகமும் ஃபியெஸ்டாவின் கொண்டாட்டமும் இதில் கிடையாது. சன்னலுக்கு இடையே நிற்குமா என்பதே கேள்வி, நின்றது. நவீனத்துவத்தின் வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிய ஜக் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஏலக் கூடங்களில் இதற்கு ஆரவாரம் இல்லை என்பது வேறு விஷயம்.

ரஸ்ஸல் ரைட்டின் ஜக்குக்கு ஆரவாரம் நிறைய. ஓஹையோ மாநிலத்து லெபனானில் 1904இல் பிறந்தவர் அவர். நாடக அரங்கு அமைப்பில் தொடங்கி, தகட்டைச் சுழற்றி உருவாக்கிய அலுமினியப் பாத்திரங்களுக்கு வந்து, 1937இல் 'அமெரிக்கன் மாடர்ன்' என்ற பீங்கான் வரிசையை வரைந்தார். எந்த ஆலையும் தொடத் தயங்கியது. கடைசியில் தள்ளாடிக்கொண்டிருந்த ஸ்டூபன்வில் ஆலை ஒப்புக்கொள்ள, 1939இல் சந்தைக்கு வந்தது. 1959வரை நிற்கவில்லை. நியூயார்க் கடைகளில் மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். கடல்நுரை, கருங்கல், பவளம், அவரைப் பழுப்பு என்று நிறங்களுக்குப் பெயர். பாத்திரத்தின் அடியில் வடிவமைத்தவரின் பெயர். துணிக்கும் காருக்கும் பெயர் இருந்த நாட்டில் சோற்றுத் தட்டுக்கும் பெயர் வந்தது இப்படித்தான். விற்றதில் ரைட்டின் மனைவி மேரிக்குப் பெரும்பங்கு. இருவரும் சேர்ந்து 1950இல் எழுதிய இல்லற நூல் ஒன்று, விருந்தில் வேலைக்காரர் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்பது வரை சொல்லித்தந்தது.

அந்த வரிசையின் தண்ணீர் ஜக்கில் உடலும் வாயும் ஒரே நெளிவு. அடியிலிருந்து கிளம்பும் கோடு உதடாக நீண்டு முன்னே வளைகிறது, பின்பக்கம் அதுவே கைப்பிடியில் இறங்குகிறது. சக்கரத்தில் வைத்து வனைய முடியாத வடிவம் இது. பாரிஸ் சாந்து அச்சுக்குள் மண்குழம்பை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் படிந்து சுவராகும், மிச்சக் குழம்பை வடித்துவிடுவார்கள். குயவரின் கை தொட்டதுபோல் தோன்றும் நெளிவு முழுக்க ஆலையின் வேலை.

இதற்கு நேர்மாறான ஒன்று டென்மார்க்கில் நடந்தது. ஹென்னிங் கோப்பல் சிற்பி. நாஜி ஆக்கிரமிப்பின்போது யூத வம்சாவளியினர் என்பதால் ஸ்வீடனுக்குத் தப்பியவர், போர் முடிந்ததும் ஜார்ஜ் ஜென்சன் வெள்ளிப்பட்டறையில் சேர்ந்தார். 1952இல் அவர் வடிவமைத்த 992ஆம் எண் ஜக்கைக் 'கர்ப்பிணி வாத்து' என்று செல்லமாக அழைக்கிறார்கள். வயிறு கனத்து, கழுத்து நீண்டு, அலகு திறந்து நிற்கும். அந்தப் பட்டறையின் பழைய வெள்ளிப் பாத்திரங்களில் சுத்தியல் தடத்தை வேண்டுமென்றே விட்டுவைத்திருப்பார்கள், கைவேலை என்று தெரியட்டும் என்று. கோப்பல் ஒரு தடம்கூட மிச்சமில்லாமல் தேய்க்கச் சொன்னார். நாள்கணக்கில் தகட்டை அடித்து எழுப்பியது, பார்வைக்கு இயந்திரத்தில் ஊதியதுபோல் வழவழக்கிறது. அமெரிக்காவில் ஆலைப் பொருள் கைவேலையாக வேடம் போட, கோபன்ஹேகனில் கைவேலை ஆலைப் பொருளாக வேடம் போட்டது. இரண்டையும் ஒரே 'நவீனத்துவம்' என்ற தலைப்பில் அடுக்கும் விற்பனைப் பட்டியல்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. சாமானியருக்கான நல்ல பொருள் என்ற முழக்கத்துக்கும் கோப்பலின் வெள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதே வடிவங்களை இப்போது அந்த நிறுவனம் எவர்சில்வரில் செய்கிறது. அரை நூற்றாண்டு கழித்தாவது விலை இறங்கியது.

ஈவா சைசெலின் ஜக்குகளைப் பற்றி எழுதும்போது அவர் வாழ்க்கையை ஒதுக்க முடியாது. 1906இல் புடாபெஸ்ட்டில் பிறந்தார். 1920களின் இறுதியில் ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் ஆலையில் இருந்தபோது வட்டக்கோலும் அளவுகோலும் கொண்டு வரைந்தார், அன்றைய பாணி அது. 1930களில் சோவியத் நாட்டுக்குப் போய்ப் பீங்கான், கண்ணாடித் தொழிலின் கலைப் பொறுப்பு வரை உயர்ந்தார். 1936இல் ஸ்டாலினைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றம்சாட்டிக் கைதுசெய்தார்கள். 16 மாதச் சிறை, அதில் பெரும்பகுதி தனிமைக் கொட்டடி. விடுவித்து வியன்னாவுக்கு அனுப்பினார்கள். சிறுவயதுத் தோழர் ஆர்தர் கோஸ்ட்லர் தன் புகழ்பெற்ற சிறை நாவலுக்கு இவர் சொன்னதையும் எடுத்துக்கொண்டார். 1938இல் அமெரிக்கா சேர்ந்தவர், 1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தன் பீங்கான் வரிசைக்கெனத் தனிக் கண்காட்சி காணும் இடத்துக்கு வந்தார்.

அதே காலத்தில் மின்னசோட்டாவின் ரெட் விங் ஆலைக்குச் செய்த 'டவுன் அண்ட் கன்ட்ரி' வரிசையில் வட்டக்கோலின் சுவடே இல்லை. ஜக்குகள் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும், உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும் தாயும் பிள்ளையுமாக ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும். சிறை அனுபவம்தான் அவரை நேர்கோட்டிலிருந்து திருப்பியது என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும், ஆனால் நேர்கோட்டின் மீதான சலிப்பு அந்தத் தலைமுறை முழுவதற்கும் இருந்தது. நான் அவரிடம் மதிப்பது வேறொன்று: பிடியை வரைவதற்கு முன் கையை நினைத்துப் பார்த்தவர். சாய்ந்த ஜக் ஏற்கெனவே பாதி ஊற்றிவிட்டது, மணிக்கட்டுக்கு மிச்சப் பாதி வேலைதான். 105 வயதுவரை வாழ்ந்து 2011இல் காலமானார். கடைசிக் காலம் வரை பாத்திரங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தார்.

விலை விஷயத்துக்கு வருவோம். 1938இல் அதே நியூயார்க் அருங்காட்சியகம் 5 டாலருக்குள் வாங்கக்கூடிய வீட்டுப் பொருள்களைக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்தியது. அடுத்த ஆண்டுகளில் வரம்பு 10 டாலர். கடையில் யாரும் வாங்கலாம் என்பதுதான் பெருமை. இன்று அந்தக் காலத்துப் பொருளையே கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிறோம். ஓவியர் ஆண்டி வார்ஹோல் சேர்த்துக் குவித்தவற்றில் ஃபியெஸ்டாவும் இருந்தது, அவர் இறந்த மறு ஆண்டு, 1988இல் சாத்பீஸ் நிறுவனம் அந்தக் குவியலை ஏலம் விட்டது. பித்தளைச் சொம்பு நசுங்கினால் எடைக்குப் போட்டுக் காசு வாங்கலாம். பீங்கான் உடைந்தால் குப்பைக்கூடைதான். ரைட்டின் வரிசை ஓரம் பெயர்வதில் பேர்போனது. லட்சக்கணக்கில் செய்தும் பழுதில்லாத ஜக் அருகிப்போனதற்குக் காரணம் அதுதான். இன்றைய விலையில் ஒரு பங்கு, அந்தக் காலத்துச் சமையலறைகளில் உடைந்தவற்றுக்காக நாம் கொடுப்பது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். அமெரிக்கன் மாடர்னின் அடியில் ரைட்டின் பெயரும் ஸ்டூபன்வில் பெயரும் பதிந்திருக்கும். நார்மண்டியின் அடியில் ரெவெர் பெயரோடு ரோம், நியூயார்க் என்று ஊர்ப்பெயர் இருக்கும், இத்தாலியச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். டவுன் அண்ட் கன்ட்ரியில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது. எனவே முத்திரை இல்லை என்று ஒதுக்கவும் கூடாது, சாய்ந்ததெல்லாம் சைசெல் என்று நம்பவும் கூடாது. ஃபியெஸ்டா 1973இல் நின்று 1986இல் ஈயமில்லாத மெருகோடும் மேலும் இறுகிய பீங்கானோடும் திரும்பியது. பழையது என்று சொல்லிப் புதியதை விற்பது சிரமமில்லை, ஆகவே நிறங்களின் ஆண்டுக் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள்.

விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல ஜக் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும். மெருகில் சிலந்தி வலைபோல் ஓடும் கோடுகள் வேறு. மண்ணும் மெருகும் சூடு ஆறும்போது வெவ்வேறு அளவு சுருங்குவதால் வருபவை அவை. காட்சிக்கு வைக்கக் கெடுதல் இல்லை, பால் ஊற்றினால் கோட்டுக்குள் இறங்கி நாறும். குரோமியப் பூச்சைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், பூச்சு போய்ப் பித்தளை எட்டிப் பார்க்கும். 1970க்கு முந்திய வண்ணப் பீங்கானில் ஈயம் இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொண்டு, அதைப் பூச்சாடியாகவோ காட்சிக்கோ பயன்படுத்துங்கள்.

நான் காலி ஜக்கைக் குறை சொன்னேனே, அப்படியானால் எதில் ஊற்றுவது? கண்ணாடியிலும் எவர்சில்வரிலும். ஐனோ ஆல்ட்டோ 1932இல் ஃபின்லாந்தின் கர்ஹுலா-இட்டாலா ஆலை நடத்திய போட்டிக்கு அனுப்பி இரண்டாம் பரிசு பெற்ற அச்சுக் கண்ணாடி வரிசையில், தம்ளரைப் போலவே ஜக்கையும் வளையங்கள் சுற்றியிருக்கும். மலிவான அச்சுக் கண்ணாடியில் குமிழும் கோடும் தவிர்க்க முடியாது, வளையங்கள் அவற்றை மறைத்தன. ஈரக் கைக்கும் பிடிமானம் கிடைத்தது. அழகுக்குச் செய்ததா குறையை மறைக்கச் செய்ததா என்று பிரிக்க முடியாத இந்த வரிசை 1936 மிலான் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. சூடான பானத்துக்கு எரிக் மக்னூசன் டென்மார்க்கின் ஸ்டெல்டன் நிறுவனத்துக்காக 1970களின் நடுவில் வடிவமைத்த வெற்றிடக் குடுவை இருக்கிறது. சாய்த்தால் மூடி தானாகத் திறக்கும், நிமிர்த்தினால் மூடிக்கொள்ளும், ஒரு கை போதும். ஈம்ஸ் கேள்விகளில் இவை இரண்டும் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கும். சேர்க்கத் தொடங்குபவர்கள் வெள்ளி வாத்தைக் கனவு காணாமல் இவற்றில் ஒன்றிலிருந்து தொடங்கலாம். இரண்டும் கடையில் புதிதாகவும் கிடைப்பவை, ஆகவே பழையது உடைந்தாலும் மேசை காலியாக இருக்காது.